பைத்தான் பொட்டலங்களின் கதை

கம்ப்யூட்டர் சமாசாரம் என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். மளிகை லிஸ்ட் எழுதத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

நாம் தினமும் பயன்படுத்தும் எந்த இணையதளத்தை எடுத்துக்கொண்டாலும், அதைக் கட்டியவர்கள் சொந்தமாக எழுதியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் எங்கோ யாரோ எழுதி, இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தவை. இவற்றைப் பேக்கேஜ் என்பார்கள். நான் பொட்டலம் என்று சொல்கிறேன். சரியான பொட்டலங்களைக் கொண்டுவந்து, ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. பைத்தான் மொழியில் இந்த வேலைக்கு இருபத்தைந்து வருடச் சரித்திரம் இருக்கிறது. என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதி அதற்குள்தான் கழிந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நடுவில் ஒரு பையனின் வேலை போகவிருந்த கதையும் வரும்.

நான் கோபால் மொழியில் ஆரம்பித்தவன். அப்போது மெஷினை விற்ற கம்பெனியே வேண்டியதையெல்லாம் டேப்பில் போட்டுக் கொடுத்துவிடும். வெளியே போய் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஒரு புரோகிராம் ஓடவில்லை என்றால் தவறு நம் அறைக்குள்தான் இருக்கும். தேடினால் கிடைத்துவிடும்.

பைத்தானைப் படைத்தவர் கீடோ வான் ராசம் என்ற டச்சுக்காரர். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1989 டிசம்பர் விடுமுறையில் பொழுதுபோக்காக ஆரம்பித்து, 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயர் அது. இந்த மொழியோடு நிறையக் கருவிகள் கூடவே வரும். 'பேட்டரியும் சேர்த்தே தருகிறோம்' என்று பைத்தான்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாத் தேவைக்கும் பேட்டரி கொடுக்க முடியுமா? ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப் பயன்படுத்த ஒரு வழி வேண்டியிருந்தது.

முதலில் வந்தது 'டிஸ்ட்யூட்டில்ஸ்'. கிரெக் வார்ட் என்பவரின் முயற்சியில் உருவாகி, 2000-ஆம் ஆண்டில் பைத்தானுடனேயே சேர்ந்து வர ஆரம்பித்தது. நீங்கள் எழுதியதை எப்படிப் பொட்டலம் கட்டுவது, வாங்கியவர் எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒரு முறை கிடைத்தது. ஆனால் பொட்டலம் எங்கே கிடைக்கும் என்று அதற்குத் தெரியாது. இந்தப் பொட்டலம் வேலை செய்ய இன்னொன்று வேண்டும் என்றால் அதைத் தேடிக் கொண்டுவரவும் தெரியாது.

2003-இல் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவர் ஒரு பொது அட்டவணையைத் தொடங்கினார். இன்று 'பைபிஐ' என்று அழைக்கப்படுவது அதுதான். அதற்கு ஆரம்பத்தில் 'சீஸ் ஷாப்' என்று செல்லப்பெயர். மான்ட்டி பைத்தான் நாடகம் ஒன்றில் ஒருவர் சீஸ் கடைக்குப் போய் ஒவ்வொரு ரகமாகப் பெயர் சொல்லிக் கேட்பார். கடையில் ஒரு துண்டு சீஸ்கூட இருக்காது. பைபிஐயும் முதலில் அப்படித்தான். எந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும் இருக்கும். சரக்கு வேறு யாருடைய சர்வரிலோ இருக்கும். பிறகுதான் சரக்கையும் அங்கேயே வைக்கும் ஏற்பாடு வந்தது.

2004-இல் பிலிப் எபி என்பவரின் 'செட்டப்டூல்ஸ்' வந்தது. அதனுடன் வந்த 'ஈஸி இன்ஸ்டால்' பொட்டலத்தையும், அதற்குத் தேவையான துணைப் பொட்டலங்களையும் தானே தேடி இறக்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் போட்டதை எடுக்க அதில் வழியே இல்லை! தேடித் தேடிக் கையால்தான் அழிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே பொது அலமாரி. ஒரு தளத்துக்கு ஒரு பொட்டலத்தின் 1-ஆம் பதிப்பு வேண்டும், இன்னொரு தளத்துக்கு அதே பொட்டலத்தின் 2-ஆம் பதிப்பு வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்பு, ஒருவருக்கு உப்பு ஆகாது, இன்னொருவருக்கு உப்பில்லாமல் இறங்காது என்ற கதை. 2007-இல் இயன் பிக்கிங் என்பவர் 'வர்ச்சுவல் என்வ்' கொண்டுவந்தார். ஒவ்வொரு தளத்துக்கும் தனி அலமாரி. நம் வழக்கில் சொன்னால் தனிக்குடித்தனம். மறு வருடம், 2008-இல், அவரே ஈஸி இன்ஸ்டாலுக்கு மாற்றாக 'பிப்' என்ற கருவியைத் தந்தார். போடவும் எடுக்கவும் ஒரே கருவி. இன்று பைத்தான் கற்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தட்டச்சு செய்யும் கட்டளை அதுதான்.

பிப்புடன் வந்த ஒரு சின்னப் பழக்கம்தான் நம் கதைக்கு முக்கியம். தளத்துக்கு வேண்டிய பொட்டலங்களை ஒரு சாதாரணக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைப்பது. 'ரெக்வயர்மென்ட்ஸ்' கோப்பு என்பார்கள். மளிகை லிஸ்ட் என்றேனே, அது இதுதான்.

கல்யாணச் சமையல்காரர் லிஸ்ட் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'அரிசி' என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் அன்றைக்கு இருக்கும் அரிசியைக் கட்டிக் கொடுப்பார். 'இன்ன ரகம், இன்ன மில், ஒரு வருடம் பழையது' என்று எழுதினால்தான் சாதம் நினைத்தபடி வரும். ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பிலும் அப்படித்தான். பெயரை மட்டும் எழுதினால், அன்றைய தேதியில் உள்ள புத்தம் புதிய பதிப்பு வந்து இறங்கும். பெயருக்குப் பக்கத்தில் இரட்டைச் சமக்குறி போட்டு எண்ணை எழுதினால் அந்தப் பதிப்பு மட்டும்தான் வரும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். நாம் லிஸ்ட்டில் எழுதுவது நமக்கு நேரடியாக வேண்டியதை. அந்தப் பொட்டலத்துக்குள் அதற்கென்று ஒரு லிஸ்ட் இருக்கும். அதில் உள்ளவற்றுக்கும் தனித்தனி லிஸ்ட் இருக்கும். மேல் வரியில் எண் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். மூன்றாம் தலைமுறையில் 'ஏதோ ஒரு பதிப்பு, 0.23க்குக் குறையாமல் இருந்தால் சரி' என்று யாரோ எழுதியிருப்பார்கள்.

இனி பெட்டிக் கதைக்கு வருவோம்.

1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்காமல், சரக்கைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, பெட்டியையே லாரியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து லாரிக்கும் மாற்றுவது. உள்ளே என்ன இருக்கிறது என்று கிரேன்காரர் கவலைப்பட வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரிலும் அதே யோசனைக்கு வித்து பல காலமாக இருந்தது. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 'சிஎச்ரூட்' என்ற வசதி. ஒரு புரோகிராமுக்கு இந்த டைரக்டரிதான் உன் உலகம் என்று காட்டிவிடலாம். 2006 வாக்கில் கூகுள் பொறியாளர்கள், ஒரு புரோகிராம் கூட்டம் எவ்வளவு மெமரி, எவ்வளவு பிராசஸர் நேரம் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் 'சிகுரூப்ஸ்' வேலையைத் தொடங்கினார்கள். 2008-இல் அது லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. இவற்றையெல்லாம் சாதாரண ஆள் பயன்படுத்தும்படி எளிதாக்கித் தந்ததுதான் 'டாக்கர்'. 2013 மார்ச்சில் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் அதை உலகத்துக்குக் காட்டினார். அது என்ன மாநாடு தெரியுமா? பைத்தான்காரர்களின் ஆண்டு மாநாடு, பைகான்.

டாக்கர் வந்ததும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. 'என் மெஷினில் ஓடுகிறது சார், சர்வரில்தான் ஓடவில்லை' என்று பையன்கள் சொல்வதை எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்! இப்போது பைத்தான், பொட்டலங்கள், நம் நிரல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தப் பெட்டியையே சர்வருக்கு அனுப்பிவிடலாம்.

பெட்டியைக் கட்டுவது அடுக்கடுக்காக நடக்கும். நம் வீட்டு அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. கீழே லினக்ஸ், அதன் மேல் பைத்தான், அதன் மேல் பொட்டலங்கள், உச்சியில் நம் நிரல். ஓர் அடுக்கை மாற்றினால் அதற்கு மேலே உள்ளவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். கீழே உள்ளவற்றைத் தொட வேண்டாம். போன முறை கட்டியதையே டாக்கர் எடுத்துக்கொள்ளும். அதனால் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை முதலில் உள்ளே வைத்துப் பொட்டலங்களை இறக்கிவிட்டு, பிறகுதான் நிரலைச் சேர்ப்பார்கள். நிரலை ஒரு நாளைக்கு இருபது முறை திருத்தினாலும் பொட்டல அடுக்கு அப்படியே இருக்கும். நேரம் மிச்சம்.

நல்ல ஏற்பாடுதான். அதற்குள் ஒரு மறைவும் இருக்கிறது. பொட்டல அடுக்கு என்றைக்குக் கட்டப்பட்டதோ அன்றைய உலகம் அதில் உறைந்து நிற்கும். வெளியே பைபிஐயில் பதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரியாது. என்றைக்காவது அந்த அடுக்கு அழிந்து மறுபடி கட்டும்போதுதான் வித்தியாசம் ஒரேயடியாக வந்து விழும்.

2022 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஏழை மாணவர்கள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தளம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். பைத்தானில் 'பிளாஸ்க்' என்ற சட்டகத்தில் எழுதியது. டேட்டாபேஸ் என் பொறுப்பு. பெட்டி கட்டுவது வேறு குழு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கி, இன்னும் நான்கு நாள் பாக்கி. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பையன் முகப்புப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வரியைத் திருத்தினான். ஒரே ஒரு வரி. திங்கட்கிழமை காலை புதுப் பெட்டி சர்வரில் ஏறியது. தளம் எழுந்திருக்கவே இல்லை.

பதினோரு மணிக்குள் ஃபோன் மேல் ஃபோன். பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டரில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் பேசினார்கள். ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். மேலாளர் கேட்ட முதல் கேள்வி, 'கடைசியாக யார் கை வைத்தது?' அந்தப் பையனின் பெயர்தான் பதிவாகியிருந்தது. மத்தியானத்துக்குள் அவன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் கடிதம் தயாராகிவிட்டது. அவனும் தன் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பிழைச் செய்தி என்ன சொன்னது என்று நானும் பெட்டிக் குழுப் பெண்ணும் உட்கார்ந்து படித்தோம். 'மார்க்கப்சேஃப்' என்ற பொட்டலத்திலிருந்து 'சாஃப்ட் யூனிகோட்' என்ற ஒன்றை எடுக்க முடியவில்லை என்றது. பையன் திருத்திய கோப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சோதனை மெஷினில் எட்டு மாதப் பழைய பெட்டி ஒன்று நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டியிலும் 'பிப் ஃப்ரீஸ்' என்ற கட்டளையைக் கொடுத்து, உள்ளே உள்ள பொட்டலங்களின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பிளாஸ்க் 1.1.4, இரண்டிலும் அதே. ஜின்ஜா 2.11.3, இரண்டிலும் அதே. ஒரே ஒரு வரிதான் வேறு. பழைய பெட்டியில் மார்க்கப்சேஃப் 2.0.1. புதியதில் 2.1.0.

மார்க்கப்சேஃப் மிகச் சின்னப் பொட்டலம். பக்கத்தில் காட்டும் எழுத்துகளில் விஷமம் எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதில் சாஃப்ட் யூனிகோட் என்பதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். 2.1-இல் பழைய பெயரை எடுத்துவிடுவோம் என்று 2.0-இலேயே எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்கள். சொன்னபடி அந்தப் பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் எடுத்தார்கள். பழைய ஜின்ஜா இன்னும் பழைய பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் லிஸ்ட்டில் பிளாஸ்க்குக்கு எண் உண்டு. பிளாஸ்க், ஜின்ஜாவின் 3-ஆம் பதிப்புக்குப் போகக் கூடாது என்று கட்டிவைத்திருந்தது. ஜின்ஜாவோ மார்க்கப்சேஃபுக்கு மேல் எல்லை எதுவும் போடவில்லை. சனி ஞாயிறில் சர்வரில் டிஸ்க் நிரம்பியதால் பழைய அடுக்குகளை யாரோ சுத்தம் செய்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பொட்டல அடுக்கு முதல் முறையாகப் புதிதாகக் கட்டப்பட்டது. பையன் ஒரு வரியைத் திருத்தாமல் ஒரு காற்புள்ளி போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அன்று உலகத்தின் பல மூலைகளில் பலருக்கும் இதேதான் நடந்தது.

லிஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தார்கள், மார்க்கப்சேஃப் 2.0.1 என்று. மூன்று மணிக்குத் தளம் எழுந்தது. கடைசித் தேதியை இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள். அந்த இரண்டு பட்டியல்களையும் அச்சடித்து மேலாளர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் மட்டும் போகவில்லை. பையன் இன்னும் அதே துறையில்தான் இருக்கிறான். பொங்கலுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவான்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2021 பிப்ரவரியிலும் இதே போல் ஒரு களேபரம். 'கிரிப்டாக்ரஃபி' என்ற பொட்டலத்தின் 3.4 பதிப்பு. அதுவரை சி மொழியில் இருந்த பகுதிகளை ரஸ்ட் என்ற புது மொழிக்கு மாற்றத் தொடங்கினார்கள். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் பெட்டி சிறிதாக இருக்க வேண்டும் என்று 'ஆல்பைன்' என்ற குட்டி லினக்ஸைப் பயன்படுத்தியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பைபிஐயில் ஆயத்தமாகக் கட்டி வைத்த பொட்டலத்துக்கு 'வீல்' என்று பெயர். அதுவும் வட்டச் சீஸ் கட்டியை நினைத்து வைத்த பெயர்தான். அன்றைக்கு லினக்ஸுக்கு இருந்த வீல்கள் ஆல்பைனுக்குப் பொருந்தாது, அதன் அடித்தளமான சி நூலகமே வேறு. அதனால் மூலத்திலிருந்து கட்ட வேண்டும். கட்ட ரஸ்ட் வேண்டும். பெட்டியில் ரஸ்ட் இல்லை. பெட்டி எவ்வளவு சிறியது என்று பெருமைப்பட்டவர்களுக்கு, எதையெல்லாம் வெளியே விட்டுவிட்டோம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இந்த நோய்க்கு மருந்து தேடியதும் ஒரு நீண்ட கதை. முதல் வேலை, பிப்பைப் புத்திசாலி ஆக்குவது. அதுவரை இரண்டு பொட்டலங்கள் மூன்றாவதன் வேறு வேறு பதிப்புகளைக் கேட்டால், முதலில் கேட்டவர் பக்கம் பிப் சாய்ந்துவிடும். எல்லாரும் ஒத்துப்போகும் பதிப்புகளைக் கண்டுபிடிப்பது கணிதத்திலேயே கடினமான கணக்கு. மொசில்லாவும், சான் ஜுக்கர்பெர்க் அமைப்பும் சேர்ந்து 4,07,000 டாலர் கொடுத்தன. 2020 நவம்பரில் வந்த பிப் 20.3-இல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அதில் முரண்பாடு இருந்தால் போடாமல் நிறுத்தி, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்லிவிடும்.

இரண்டாவது, பூட்டுக் கோப்பு. நமக்கு வேண்டியதை ஒரு கோப்பில் எழுதுவது. அதிலிருந்து கருவியே கடைசித் தலைமுறை வரை கணக்குப் போட்டு, ஒவ்வொன்றின் துல்லியமான எண்ணையும் இன்னொரு கோப்பில் எழுதிப் பூட்டி வைப்பது. பிப்டூல்ஸ், 2017-இல் பிப்என்வ், 2018-இல் பொயட்ரி, 2024-இல் யூவி என்று வரிசையாகக் கருவிகள் வந்தன. பூட்டுக் கோப்புக்குப் பொதுவான ஒரு வடிவத்தை 2025-இல்தான் பைத்தான் சமூகம் ஏற்றுக்கொண்டது. பொட்டலத்தின் கைரேகை மாதிரி ஒரு ஹாஷையும் சேர்த்து எழுதி, அது பொருந்தாவிட்டால் வாங்காதே என்று பிப்பிடம் சொல்லும் வசதி 2016-லிருந்தே இருக்கிறது. பயன்படுத்துபவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

பூட்டிவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. பூட்டிய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரியவந்தால், பூட்டு நம்மை அந்த ஓட்டையோடேயே வைத்துப் பூட்டிவிடும். ஆகவே மாதம் ஒரு முறையாவது திறந்து, புதுப்பித்து, சோதித்து, மறுபடி பூட்ட வேண்டும். கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு அல்ல, வேலை குறைவான ஒரு நாளில், நாமே தேர்ந்தெடுத்த நேரத்தில்.

வீட்டில் இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் இருந்தால் இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் பெட்டியை இன்றைக்குப் பழைய அடுக்கு எதுவும் இல்லாமல் புதிதாகக் கட்டினால் அதே பெட்டி வருமா? வராவிட்டால் என்ன மாறியது என்று சொல்ல ஒரு பட்டியல் கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்கிறவர்களுடைய அலுவலகத்தில், தளம் விழும் அன்றைக்கு 'யார் கை வைத்தது' என்ற கேள்வி முதலில் வராது.

கோபால் காலத்து டேப் லைப்ரரியைப் பற்றி எழுதச் சொல்லிச் சில நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த பதிவில் பார்ப்போம்.